உங்கள் வயதுக்கு உரியதல்ல

மூடுவதில் தையல்நாயகியை மிஞ்ச அந்த மையத்தில் ஆள் கிடையாது. மற்றவர்கள் ஒரு கேள்வியைப் படித்து, நெற்றியைத் தேய்த்து, பக்கத்து நாற்காலியிடம் யோசனை கேட்டு, கடைசியில் 'மூடு' பொத்தானை அழுத்துவதற்குள் நாயகி நான்கு கேள்விகளை முடித்துவிட்டு ஐந்தாவதற்குப் போயிருப்பாள். மாதாமாதம் சுவரில் ஒட்டும் பாராட்டுப் பட்டியலில் அவள் பெயர் முதலிடத்தை விட்டு இறங்கியதில்லை. அதில் அவளுக்கு ரகசியமாக ஒரு பெருமையும் உண்டு.

இளையோர் இணையக் காப்புச் சட்டம் வந்து மூன்று வருடம் ஆகிறது. பதினாறு வயது ஆகாத பிள்ளை எந்தத் திரையைத் தொட்டாலும் நடுவில் ஒரு வடிகட்டி நிற்கும். ரத்தம், சாவு, வெறி, வக்கிரம் என்று நாலாயிரத்துச் சொச்சம் வகைகளை அது சலித்து எடுத்துவிட்டு மிச்சத்தைக் கொடுக்கும். சட்டம் போட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. பிள்ளைகளை மிரட்டிப் பிழைத்த கும்பல்கள் அதற்குப் பிறகுதான் ஒழிந்தன. ஆனால் வடிகட்டிக்குத் துக்கமும் வக்கிரமும் ஒன்றுதான். அதனால் "எனக்கு ஏன் இதைக் காட்டவில்லை?" என்று கேட்கும் உரிமையைச் சட்டம் பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்தது. அப்படிக் கேட்கிற கேள்விகள், மத்திய மண்டலத்தைப் பொறுத்தவரை, திருச்சியில் இருந்த இந்த மையத்துக்கு வரும். பதினான்கு பெண்கள் உட்கார்ந்து அவற்றைப் படித்து, திறப்பதா மூடுவதா என்று முடிவு செய்வார்கள்.

அன்று வெள்ளிக்கிழமை. மூன்று மணித் தேநீருக்கு எல்லாரும் எழுந்தபோது ஷோபனா சிரிப்பும் எரிச்சலுமாக ஆரம்பித்தாள்.

"சார், ஒரு புள்ள கேக்குது, பாடத்துல சுனாமி இருக்கு, படம் காட்ட மாட்டேங்குதுன்னு. சாவு இருக்குல்ல, மெஷின் மூடிருச்சு."

"நீங்க என்ன பண்ணீங்க?" என்றார் மேற்பார்வையாளர் கிரகோரி.

"கடல் படத்தை மட்டும் திறந்துவிட்டேன்."

"அலை இல்லாத கடலா? பேஷ். அந்தப் புள்ள பரீட்சையில மெரினாவைப் பத்தி எழுதிட்டு வரும்."

எல்லாரும் சிரித்தார்கள். நாயகி மட்டும், "படம் பாக்கலேன்னா என்ன சார் குறைஞ்சு போச்சு? பயந்து தூங்காம கெடக்கறதுக்கு இது தேவல" என்றாள்.

"உங்க வீட்டுல ஒரு பொண்ணு இருக்குல்ல. அப்படித்தான் தோணும்" என்றார் கிரகோரி. அவர் நல்ல மனிதர். அதற்கு மேல் யாரையும் கிளற மாட்டார்.

வீட்டில் ஒரு பொண்ணு இருப்பதுதான் நாயகி இந்த வேலைக்கு வந்த காரணமே. இளவெயினிக்கு இப்போது பன்னிரண்டு வயது. அவள் அப்பா குணசீலன் மஞ்சள் காமாலையில் இறந்தார் என்று நாயகி சொல்லியிருந்தாள். அது பொய்.

குணசீலன் பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு தனியார் பள்ளியின் வேன் ஓட்டுநர். ஐந்து வருடத்துக்கு முன் ஒரு காலையில் அந்த வேன் வாய்க்காலில் கவிழ்ந்து ஒன்பது பிள்ளைகள் இறந்தார்கள். அவரும் இறந்தார். முந்தின நாள் ராத்திரி பள்ளி முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்கு அதே வேனைத்தான் விடிய விடிய ஓட்டிவிட்டு வந்திருந்தார். "ஒரு நாள் லீவு சொல்லுங்க" என்று நாயகி சொன்னாள். "புள்ளைங்க ரோட்டுல நிக்குமே" என்று சட்டையை மாட்டிக்கொண்டு போனார். சாயங்காலம் அவர்கள் வீட்டு ஓட்டின் மேல் கல் விழுந்தது. தூங்கிக்கொண்டே ஓட்டிக் கொன்றுவிட்டான் என்று தெருவில் யாரோ கத்தியதை அவள் பிள்ளையின் காதைப் பொத்திக்கொண்டு கேட்டாள். பத்தாம் நாள் காரியம் முடிந்ததும் ஊரை விட்டுக் கிளம்பியவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு செய்தித்தாளைப் பிரிக்கவில்லை, ஒரு பக்கத்தைத் திறக்கவில்லை. பிள்ளையின் பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்றால்கூடத் தலைவலி என்று படுத்துக்கொள்வாள். யார் முகம் எங்கே தென்படுமோ என்ற பயம்தான்.

செத்த பிள்ளைகளின் பெற்றோர் சேர்ந்து 'ஒன்பது பேர்' என்று ஒரு பக்கம் நடத்துவதாகக் கேள்விப்பட்டிருந்தாள். சட்டம் வந்தபோது அந்தப் பக்கமும் பிள்ளைகளுக்கு மூடப்பட்டது. எங்கள் துக்கத்தை எழுதக்கூட எங்களுக்கு உரிமை இல்லையா என்று அவர்கள் நீதிமன்றம் வரை போனார்கள். பெரியவர்கள் படிக்கத் தடையில்லை என்று சொல்லி வழக்கைத் தள்ளிவிட்டார்கள். அன்றைக்கு நாயகிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அப்படி இருந்ததற்காகக் குளியலறையில் போய் அழவும் செய்தாள்.

தேநீர் முடிந்து உட்கார்ந்ததும் வந்த முதல் கேள்வி இது. எந்தப் பிள்ளை எப்படிக் கேட்டாலும் இயந்திரம் பெயரையும் ஊரையும் பேச்சு வழக்கையும் உருவி எடுத்துவிட்டு ஒரே மாதிரியான பாடப்புத்தகத் தமிழில்தான் திரையில் காட்டும்.

"என் அண்ணன் ஒரு வாகன விபத்தில் இறந்தான். அப்போது எனக்கு வயது ஏழு. அவனைப் பற்றிய பக்கத்தைத் திறக்க முடியவில்லை. என் வீட்டில் அவனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேசினால் அம்மா எழுந்து உள்ளே போய்விடுவார். அண்ணனின் சாப்பாட்டுப் பை மட்டும் இருக்கிறது. பள்ளியில் எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பை கொடுத்ததால் மாறிவிடாமல் இருக்க ஓட்டுநர் ஒவ்வொரு பையிலும் ஒரு நிறத் துணியைக் கட்டிவிடுவாராம். அண்ணனுடையது கிளிப்பச்சை. அந்த ஓட்டுநரின் மகள் இப்போது என் வகுப்பில் படிக்கிறாள். அவள் என் தோழி. அவளோடு நான் பழகலாமா? அந்தப் பக்கத்தில் அதற்குப் பதில் இருக்குமா?"

நாயகியின் விரல் பழக்கதோஷத்தில் 'மூடு'க்கு மேல் போய்விட்டது. அப்படியே நின்றது.

அந்தத் துணிகளைக் கிழித்துக் கொடுத்தவள் அவள்தான். அப்போது அவள் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். வெட்டிய மிச்சத்தில் நீள நீளமாகக் கிழித்துத் தருவாள். எந்தப் பிள்ளைக்கு எந்த நிறம் என்று குணசீலனும் குட்டி வெயினியும் உட்கார்ந்து சண்டை போட்டு முடிவு செய்வார்கள். இயந்திரத்துக்குப் பெயரை உருவத் தெரியும், ஊரை உருவத் தெரியும். கிளிப்பச்சைத் துணியில் ஒரு குடும்பமே முடிந்து கிடக்கிறது என்று அதற்கு யார் சொல்லிக்கொடுப்பது?

வெயினியின் வகுப்புத் தோழி. சமீராதான், வேறு யார்? இந்த வருடம்தான் வெளியூரிலிருந்து வந்து பள்ளியில் சேர்ந்து, சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வந்து எலுமிச்சை சாதத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடும் பெண். மூன்று வாரம் முன்பு வந்தபோது கூடத்தில் மாட்டியிருந்த குணசீலன் படத்தின் முன் நின்றாள். பிறகு பாதித் தட்டிலேயே எழுந்து போய்விட்டாள். காரம் அதிகமோ என்று நாயகி கவலைப்பட்டாள். அதற்கு அடுத்த இரண்டு சனிக்கிழமையும் அவள் வரவில்லை.

நாயகிக்கு முன்னால் மூன்று பொத்தான்கள் இருந்தன. மூடினால் அந்தப் பிள்ளையின் திரையில் 'உங்கள் வயதுக்கு உரியதல்ல' என்று வரும். அவ்வளவுதான். வெயினிக்கு எதுவும் தெரியாமல் போகும், குறைந்தது இன்றைக்கு. திறந்தால் அந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் அந்தப் பக்கம் திறக்கும். நாளைக்கே அது வெயினியின் காதுக்குப் போகும். உங்கப்பா கொலைகாரன் என்று ஒரு பிள்ளை வாயால் என் பிள்ளை கேட்க வேண்டியிருக்கும் என்று நாயகி நினைத்தாள்.

மூன்றாவது பொத்தான் 'பெற்றோருக்கு'. அதை அழுத்தினால் கேள்வி போகாது. 'உங்கள் பிள்ளை துயர உள்ளடக்கத்தைத் தேடியுள்ளது' என்று ஒரு வரி போகும். பிள்ளையின் கருவி முப்பது நாள் முடங்கும்.

யோக்கியமாக வெளியேற ஒரு வழி இருந்தது. கேட்ட பிள்ளை தெரிந்த பிள்ளை என்றால் 'அறிந்தவர்' என்று குறியிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம்.

"சார்" என்று கூப்பிட்டாள். "'அறிந்தவர்'னு போட்டா அது அடுத்து யாருக்கு வரும்?"

கிரகோரி தலையைத் தூக்கினார். "யாருக்கும் வராது. போன மாசம் மாத்திட்டாங்கல்ல. ஒருத்தரை ஒருத்தர் காப்பாத்திக்கிறோம்னு மேலிடத்துக்குச் சந்தேகம். நேரா பெத்தவங்களுக்குப் போயிரும்."

"அப்படியா" என்றாள்.

மூன்றே நிமிடம்தான் ஒரு கேள்விக்கு. நாயகி அதை மறுபடி படித்தாள். பேசினால் அம்மா எழுந்து உள்ளே போய்விடுவார். வெயினி இரண்டு வருடம் முன்பு, "அப்பாவுக்கு என்ன சாப்பாடும்மா பிடிக்கும்?" என்று கேட்டபோது தானும் எழுந்து உள்ளேதான் போனோம் என்பது நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு வெயினி கேட்கவே இல்லை. கெட்டிக்காரப் பெண், வருத்தப்படாமல் இருக்கிறாள் என்று தான் சந்தோஷப்பட்டதும் நினைவுக்கு வந்தது. என்ன மாதிரி ஒரு முட்டாள்தனம் அது.

இந்தப் பிள்ளை தன் அண்ணனை ஒரு சாப்பாட்டுப் பையில் தேடிக்கொண்டிருக்கிறது. அவன் முகத்தை அதற்குக் காட்டாமல் வைத்திருப்பது எந்தக் காப்பில் சேர்த்தி? காப்பாற்றுவது அந்தப் பிள்ளையையா, தன்னையா? இந்தக் கேள்விக்கு நாயகியிடம் பதில் இருந்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

'திற' பொத்தானை அழுத்தினாள். திறப்பவர் நாலு வரி குறிப்பு எழுதலாம் என்று ஒரு கட்டம் விரிந்தது. இரண்டரை வருடத்தில் அந்தக் கட்டத்தை அவள் பார்த்ததே மூன்று தடவைதான். வேகமாக எழுதினாள்.

"தாராளமாகப் பழகலாம். உன் தோழிக்கு எதுவும் தெரியாது. அவள் அம்மா மறைத்துவிட்டாள். தப்பு அம்மாவுடையது, அவளுடையது இல்லை. உன் அண்ணனை நன்றாகப் பார்."

அனுப்பிவிட்டு எழுந்து கிரகோரியின் மேசைக்குப் போனாள்.

"சார், நான் ஒண்ணு திறந்துட்டேன். தெரிஞ்ச புள்ளைதான். குறி போடல."

கிரகோரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்தத் தப்புக்கு வேலை போகும் என்பது இருவருக்கும் தெரியும்.

"பாராட்டுப் பட்டியல்ல மொதல் பேரு" என்றார். பிறகு, "ஏம்மா, அழுதீங்களா?"

"இல்ல சார். இனிமேதான்."

"இன்னிக்கு எனக்குக் காது மந்தம். திங்கக்கிழமை வந்து சொல்லுங்க, எழுதிக்கிறேன். அதுவரைக்கும் வீட்டுல இருக்கிற வேலையைப் பாருங்க. கெளம்புங்க."

உறையூருக்குப் போகும் பேருந்தில் கம்பியைப் பிடித்தபடியே நாயகி ஒத்திகை பார்த்தாள். "வெயினி, அம்மா உங்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்." சரியில்லை. "அப்பா நல்லவருதான், ஆனா..." அந்த 'ஆனா'வுக்கு அப்புறம் என்ன வைப்பது என்றே தெரியவில்லை. இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தாள். சமீரா முந்திக்கொள்வதற்குள் தான் சொல்லிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் மனதில் ஓடியது.

மாடிக்கு ஏறியபோது கதவு திறந்தே கிடந்தது. வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு. கூடத்தில் தரையில் வெயினியும் சமீராவும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சமீராவின் திரை. இரண்டு பேர் முகமும் அழுது வீங்கியிருந்தது.

நாயகி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஒத்திகை பார்த்ததெல்லாம் எங்கோ போயிற்று.

"வெயினி... அப்பாவுக்கு மஞ்சள் காமாலை இல்லடி."

"தெரியும்மா."

"தெரியுமா? எப்ப?"

"மூணு வாரமா. சமீரா அன்னிக்குப் படத்தைப் பாத்துட்டு, திங்கக்கிழமை ஸ்கூல்ல சொன்னா. அவங்க வீட்டுல ஒரு ஆண்டுவிழா போட்டோ இருக்காம். அதுல வேன்கிட்ட அப்பா நிக்கிறாரு." வெயினி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ரெண்டு நாள் நாங்க பேசிக்கல. அப்புறம் பேசாம இருக்க முடியல."

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"நீ எந்திரிச்சு உள்ள போயிருவ."

நாயகி சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

சமீரா மெதுவாக, "சாரி ஆண்ட்டி. நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் கேள்வி எழுதினோம்" என்றாள். "மொத்தம் பதினோரு தடவை. பத்து தடவையும் மூடிட்டாங்க."

பத்துத் தடவை. அதில் எத்தனை தடவை இந்த விரலே மூடியது என்று நாயகி யோசித்துப் பார்த்தாள். 'அண்ணன் பக்கத்தைத் திறக்கவும்' என்று வந்திருந்தால் அரை விநாடி. கண்ணில்கூடப் பட்டிருக்காது. அவளால் ஒன்றைக்கூட நினைவுபடுத்த முடியவில்லை.

"சொல்ற மாதிரி சொன்னா திறப்பாங்கன்னு நான்தான் சொன்னேன்" என்றாள் வெயினி. "பைத்துணியை எழுதச் சொன்னதும் நான்தான். உனக்கு வந்தா உனக்குத் தெரியும்ல. வேற யாருக்கு வந்தாலும் பரவால்லன்னு நெனச்சோம். ஆனா உனக்கு வரணும்னு எனக்கு ஆசையா இருந்துச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டவள் திடீரென்று சிரித்தாள். "உன் தோழிக்கு எதுவும் தெரியாதுன்னு பதில் வந்துச்சு பாரு, அதைச் சத்தமாப் படிச்சதே நான்தாம்மா."

நாயகி மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை, மடி கொள்ளவில்லை. சமீரா என்ன செய்வது என்று தெரியாமல் பாவாடை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள். அவளையும் கை நீட்டி இழுத்துக்கொண்டாள்.

"மன்னிச்சிருமா. உங்கண்ணனை... வெயினி அப்பா வேணும்னு செய்யல. தூங்காம..."

"ஆண்ட்டி, நீங்க இதைப் படிச்சதே இல்லையா?"

இல்லை என்று நாயகி தலையசைத்தாள். சமீரா திரையை அவள் பக்கம் திருப்பினாள்.

ஒன்பது முகங்கள். கீழே ஒரு குறிப்பு. வேனில் இருந்து தப்பித்த அபிநயா என்ற பெண் பத்து வயதில் எழுதியது. அவள் எழுதிய நாலாம் மாதம் சட்டம் வந்து, எழுதிய அவளுக்கே தெரியாதபடி அதை மூடிவிட்டது.

"வேன் தண்ணிக்குள்ள போச்சு. டிரைவர் அண்ணா கண்ணாடியை உடைச்சு என்னை வெளியே தள்ளினாங்க. அப்புறம் பிரவீன், அப்புறம் தர்ஷினி. ஆறு பேரைத் தள்ளினாங்க. கரைக்கு வாங்க அண்ணான்னு நான் கத்தினேன். இர்ஷாத் உள்ள இருக்கான்னு சொல்லிட்டுத் திரும்பப் போனாங்க. இதை நான் போலீஸ் மாமாகிட்ட சொன்னேன். சின்னப் பிள்ளை சொல்றதுன்னு எழுதிக்கல. அதனால இங்க எழுதறேன்."

நாயகி அதை முழுசாகப் படிக்கவில்லை. இரண்டாவது வரியிலேயே எழுத்துகள் கரைந்துவிட்டன. வெயினிதான் சத்தமாகப் படித்தாள், பாடம் ஒப்பிப்பது போல, ஒரு வார்த்தை விடாமல்.

"இர்ஷாத் எங்கண்ணன்" என்றாள் சமீரா. "ரெண்டு பேரையும் ஒண்ணாத்தான் எடுத்தாங்களாம். எங்கம்மா எழுதியிருக்காங்க. எங்கம்மா இவ்வளவு பேசுவாங்கன்னே எனக்குத் தெரியாது ஆண்ட்டி. கீழ பாருங்க, வருஷா வருஷம் அதே தேதியில."

சமீராவின் அம்மா ஹசீனா எழுதியது சின்னதாகவே இருந்தது. ஐந்து வருடமும் ஏறக்குறைய அதே வரிகள்தான்.

"குணசீலன் தம்பியின் மனைவியும் மகளும் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். யாரோ கல்லெறிந்ததற்காக ஊரை விட்டுப் போய்விட்டார்கள். நாங்கள் எறியவில்லை. என் பிள்ளை கடைசி நேரத்தில் தனியாக இல்லை என்று அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்."

கீழே ஒரு கைபேசி எண் இருந்தது. எந்த வருடமும் அதை மாற்றவில்லை.

வெளியே யாரோ இட்லிமாவு விற்றுக்கொண்டு போனார்கள். நாயகி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பிறகு தன் கைபேசியை எடுத்து, திரையில் இருந்த எண்ணை ஒவ்வொன்றாகப் பார்த்து அழுத்தினாள். வெயினி அவள் புடவையைப் பிடித்துக்கொண்டாள், உள்ளே எழுந்து போய்விடாதபடி.

"ஹலோ, யாரு?" என்றது ஒரு பெண் குரல்.

நாயகி கைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"யாருங்க? சமீராவா? எங்க இருக்கே நீ, இன்னும் வரலியே?"

"சமீரா இங்கதான் இருக்கா. பயப்படாதீங்க." நாயகி மூச்சை இழுத்துக்கொண்டாள். ஐந்து வருடமாக எந்தத் தெருவிலும், எந்த விண்ணப்பத்திலும், எந்த மனிதரிடமும் சொல்லாத வார்த்தை அது. "நான் குணசீலன் வீட்டம்மா பேசறேங்க."

அந்தப் பக்கம் எதுவோ கீழே விழுந்தது. பாத்திரமாக இருக்கலாம். பிறகு யாரையோ, "என்னங்க, இங்க வாங்க, சீக்கிரம் வாங்க" என்று கூப்பிடுவது கேட்டது.

"எங்க இருக்கீங்க தங்கச்சி? எடத்தைச் சொல்லுங்க. நாங்க இப்பவே வர்றோம்."

நாயகி கதவு எண்ணைச் சொன்னாள். தெருவின் பெயரைச் சொன்னாள். இரண்டாவது மாடி, இடது பக்கம், கதவு திறந்துதான் இருக்கும் என்றும் சொன்னாள்.